எடைபோட்டு வாங்கிய நூலில் எத்தனை மீட்டர்? நெய்பவர்களும் பின்னுபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னிமலைப் பக்கம் தறி ஓடும் வீட்டில் பிறந்தவள் நான். பின்னல் ஊசியைக் கையில் எடுத்தது கல்யாணமாகி உதகைக்குப் போன பிறகு. இரண்டு ஊரிலும் என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: "இந்த நூல் போதுமா?" கடைக்காரர் நூலை எடைபோட்டுத் தருகிறார். தறிக்கும் ஊசிக்கும் வேண்டியதோ நீளம். இடையில் உள்ள கணக்கு கடினமானதல்ல. ஆனால் அதைப் போடாமல் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்) ஓட்டியவர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

40ம் நம்பர் நூல் என்கிறார்களே, அந்த 40 எதைக் குறிக்கிறது?

ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டா (சுற்றிக் கட்டிய நூல் கட்டு) நிற்கும் என்பதுதான் நம்பர். ஒரு சிட்டாவின் நீளம் 840 கெஜம், அதாவது 768 மீட்டர். அப்படி 40 சிட்டா சேர்ந்து ஒரு பவுண்டு (453.6 கிராம்) இருந்தால் அது 40ம் நம்பர். 80 சிட்டா வேண்டியிருந்தால் 80ம் நம்பர். ஆகவே நம்பர் ஏற ஏற நூல் மெலியும். அதே எடையில் நீளம் கூடும்.

840 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பலரும் கேட்கிறார்கள். இங்கிலாந்துப் பருத்தி ஆலைகளின் ரீல் கணக்கு அது. ரீலின் சுற்றளவு 54 அங்குலம், அதாவது ஒன்றரை கெஜம். 80 சுற்று சுற்றினால் 120 கெஜம். இதற்கு லீ என்று பெயர். ஏழு லீ சேர்ந்தது ஒரு சிட்டா. நாம் கிலோவுக்கு மாறி எத்தனையோ காலமாகிவிட்டது, நூல் மட்டும் இன்னும் பவுண்டிலும் கெஜத்திலும்தான் பெயர் சொல்லிக்கொள்கிறது.

சரி, கிலோவுக்கு எத்தனை மீட்டர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நம்பரை 1,693ஆல் பெருக்குங்கள். அவ்வளவுதான். மனக்கணக்குக்கு 1,700 என்று வைத்துக்கொண்டாலும் பெரிய பிழை வராது.

20ம் நம்பர் கிலோவுக்கு ஏறத்தாழ 33,900 மீட்டர். 40ம் நம்பர் 67,700. 60ம் நம்பர் 1,01,600. 80ம் நம்பர் 1,35,500. 100ம் நம்பர் 1,69,300. ஒரு கிலோ நூறாம் நம்பரைப் பிரித்து நீட்டினால் சேலத்திலிருந்து கோயம்புத்தூருக்கு எட்டிவிடும். ஆலை நூலும் திருப்பூர்ப் பனியன் நூலும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன.

2/40 என்று எழுதியிருக்கிறது. இதற்கு 40ஆல் பெருக்குவதா, 20ஆல் பெருக்குவதா?

20ஆல். இரண்டு 40ம் நம்பர் இழைகளைச் சேர்த்து முறுக்கியது அது. கனம் இரட்டிப்பானதால் நீளம் பாதியாகிவிடும். முறுக்கும்போது இழை கொஞ்சம் சுருங்கும் என்பதால், உண்மையில் 20க்கும் சற்றுக் குறைவாகவே நிற்கும். 2/20, 2/80, 3/40 எல்லாவற்றுக்கும் இதுவே வழி: பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்துவிட்டுப் பிறகு பெருக்க வேண்டும். புதிதாகத் தறிக்கு வருகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. 40 என்று நினைத்து 2/40 வாங்கினால், வேண்டியதில் பாதி நீளம்தான் வீடு வந்து சேரும்.

சீட்டே இல்லாத நூல் கிடைத்திருக்கிறது. நம்பரை எப்படிக் கண்டுபிடிப்பது?

நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்ன மின்னணுத் தராசு ஒன்று இருந்தால் போதும். கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டக்கூடியதாக இருக்கட்டும்.

ஒரு பலகையில் அரை மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு ஆணி அடியுங்கள். ஒரு சுற்று ஒரு மீட்டர். நூலை இழுத்துப் பிடிக்காமல், தொய்யவும் விடாமல் 100 சுற்று சுற்றுங்கள். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் வெளிச்சுற்று நீண்டுவிடும்; பக்கத்தில் பக்கத்தில் படுக்க வையுங்கள். அதைக் கழற்றி எடைபோடுங்கள். 59ஐ அந்த எடையால் வகுத்தால் நம்பர் வந்துவிடும். 1.48 கிராம் இருந்தால் 40ம் நம்பர். 0.74 கிராம் இருந்தால் 80ம் நம்பர். 10 மீட்டரை மட்டும் எடைபோட்டால் 40ம் நம்பர் 0.15 கிராம்தான் காட்டும். தராசு ஒரு புள்ளி தவறினாலே நம்பர் மூன்று தள்ளிப்போகும். அதனால்தான் 100 மீட்டர் என்று வற்புறுத்துகிறேன்.

ஒரே சிட்டாவோடு நிறுத்தாதீர்கள். மூன்று சிட்டாவில் எடுத்துச் சராசரி பாருங்கள்.

தராசு இல்லை, ஒரு சாண் நூல்தான் இருக்கிறது என்றால் பழைய வழி ஒன்று உண்டு. நம்பர் தெரிந்த நூல் ஒன்றை மடித்து, தெரியாத நூலையும் மடித்து, இரண்டு வளைவுகளையும் சங்கிலிபோலக் கோத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் முறுக்கிவிட்டு, கோத்த இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து நகர்த்துங்கள். கனத்தில் வேறுபாடு இருந்தால் விரல் அந்த இடத்தில் ஒரு படியை உணரும். என் அப்பா கண்ணை மூடிக்கொண்டு 60க்கும் 70க்கும் வித்தியாசம் சொல்வார். நமக்கு அந்த விரல் வாய்க்காவிட்டாலும், 40க்கும் 60க்கும் உள்ள வேறுபாடு யாருக்கும் தெரிந்துவிடும்.

ஒரு சேலைக்கு எத்தனை கிராம் நூல் வேண்டும்?

ஒரு சேலைக்கு என்று யாரும் பாவு ஓட்டுவதில்லை. நான்கு சேலைப் பாவு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பாவு, ஊடை (குறுக்கே ஓடும் இழை) இரண்டும் 80ம் நம்பர். அச்சில் (பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும், சீப்பு போன்ற சட்டம்) அகலம் 50 அங்குலம். துணி இறங்கும்போது 48 அங்குலத்துக்கு வந்துவிடும். அங்குலத்துக்கு 80 இழை. சேலை ரவிக்கைத் துணியோடு 6.2 மீட்டர்.

முதலில் பாவு. 50ஐ 80ஆல் பெருக்கினால் 4,000 இழை. நான்கு சேலைக்கு 24.8 மீட்டர் துணி. பாவு இழை ஊடைக்கு மேலும் கீழும் ஏறி இறங்குவதால், துணியின் நீளத்தைவிட இழை நீளமாக இருக்க வேண்டும். நூற்றுக்கு 5 பங்கு சேர்த்தால் 26 மீட்டர். பிணைக்கும் இடத்திலும் கடைசியில் தறியில் நின்றுவிடும் துண்டிலும் ஒரு மீட்டர் போகும். ஆக 27 மீட்டர். 4,000 இழைக்கு 27 மீட்டர் வீதம் 1,08,000 மீட்டர். 80ம் நம்பர் கிலோவுக்கு 1,35,500 மீட்டர் என்று பார்த்தோம். வகுத்தால் 797 கிராம். சிட்டா எண்ணிக்கையில் சொன்னால் 141.

அடுத்தது ஊடை. அங்குலத்துக்கு 72 ஊடை. 24.8 மீட்டர் துணி என்பது 976 அங்குலம். ஆகவே ஏறத்தாழ 70,300 முறை நாடா (ஊடை நூலைக் கொண்டுபோகும் ஓடம்) குறுக்கே ஓட வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் 50 அங்குலம், அதாவது 1.27 மீட்டர். மொத்தம் 89,300 மீட்டர். ஊடைக்கு அச்சின் அகலத்தைக் கணக்கிட வேண்டும், துணியின் அகலத்தை அல்ல. தாரில் (நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றியிருக்கும் குழல்) மிச்சம் நிற்பதற்கும் ஓரத்தில் திரும்புவதற்கும் நூற்றுக்கு மூன்று சேர்த்தால் 92,000. எடை 679 கிராம், சிட்டா 120.

இரண்டும் சேர்ந்து 1,476 கிராம். ஒரு சேலைக்கு 369 கிராம். நம்பரோ இழை நெருக்கமோ மாறினால் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். போகும் வழி ஒன்றுதான். பாவுக்கும் ஊடைக்கும் வெவ்வேறு நம்பர் என்றால் கடைசிவரை தனித்தனியாகவே கணக்கிட்டு, எடையில் மட்டும் சேருங்கள். நம்பர்களுக்குச் சராசரி எடுத்தால் விடை தவறாகிவிடும்.

கட்டம் போட்ட சேலைக்கு ஒவ்வொரு நிறமும் எவ்வளவு?

கட்டம் ஒருமுறை முழுதாக வந்து திரும்பத் தொடங்கும் இடம்வரை இழைகளை எண்ணுங்கள். 120 இழையில் 80 சிவப்பு, 40 கறுப்பு என்றால் சிவப்பு மூன்றில் இரண்டு பங்கு, கறுப்பு மூன்றில் ஒரு பங்கு. பாவின் மொத்த நீளத்தை அந்தப் பங்கில் பிரியுங்கள். கரைக்கு வேறு நிறம் என்றால் கரை இழைகளை முதலிலேயே கழித்துவிட வேண்டும்.

சிட்டாவை எண்ணி வாங்குவது நல்லதா, எடைபோட்டு வாங்குவது நல்லதா?

இரண்டும் சரியே. எப்படி வாங்கினாலும் சோதித்து வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சோதனை வேறு.

எனக்குப் பதினாறு பதினேழு வயதிருக்கும்போது, மேலே சொன்னது போன்ற நான்கு சேலைப் பாவுக்கு 141 சிட்டா எண்ணி வாங்கிவந்தார் அப்பா. பாவு ஓட்டிக்கொண்டே வந்தோம். 3,700 இழையில் நூல் தீர்ந்துவிட்டது. வீடே அசையாமல் நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது. அம்மா ராட்டையை நிறுத்தினார். மூலையில் ஒரேயொரு சிட்டா இன்னும் கண்டில் (பாவு ஓட்ட நூல் சுற்றும் குழல்) சுற்றாமல் கிடந்தது. அப்பா அதை எடுத்து, ஒரு லீயை மட்டும் பிரித்துச் சுற்று சுற்றாக எண்ணினார். 80 இருக்க வேண்டும். 74 இருந்தது. நூற்றுக்கு ஏழரை பங்கு குறைவு. 4,000 இழைக்கு 300 இழை. நம்பர் சரியாகவே இருந்தது, நூலும் நல்ல நூல். நீளத்தைத்தான் திருடியிருந்தார்கள். விற்ற கடையில் போய்க் கேட்டதற்கு, கட்டு பிரித்த பிறகு பொறுப்பில்லை என்றார்கள். மீதி 300 இழைக்கு வேறு சாயத்தொட்டி நூலை வாங்கிச் சேர்த்தோம். நான்கு சேலையிலும் ஒரு பக்கத்தில் நான்கு அங்குலம் நிறம் மங்கி இறங்கியது. கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

அதனால் சொல்கிறேன்: சிட்டா எண்ணி வாங்கினால் ஒரு லீயைப் பிரித்துச் சுற்றை எண்ணுங்கள். எடைபோட்டு வாங்கினால் நம்பரைச் சோதியுங்கள். 40 என்று விற்பது 36ஆக இருந்தால் கிலோவுக்கு 6,700 மீட்டருக்கு மேல் போய்விடும்.

எடை எப்போதெல்லாம் ஏமாற்றும்?

முதலாவது ஈரம். பருத்தி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வணிகக் கணக்கிலேயே முற்றிலும் உலர்ந்த 100 கிலோ பருத்தியை 108.5 கிலோ என்று வைத்துத்தான் விலை பேசுகிறார்கள். அடைமழையில் வாங்கிய நூலில் அதற்கும் மேல் இருக்கலாம். கம்பளியோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் உலர்ந்தது போலவே இருக்கும்.

இரண்டாவது கஞ்சி. கஞ்சி தோய்த்த பாவு எடை கூடியிருக்கும். அதை எடைபோட்டு மிச்ச நீளத்தைக் கணக்கிடக் கூடாது. மூன்றாவது வெளுப்பு. வெளுத்த நூலில் பருத்தியின் மெழுகும் அழுக்கும் போய்விடுவதால் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு எடை குறையும், நீளம் அப்படியே இருக்கும். வெளுக்க அனுப்பிய 5 கிலோ நாலே முக்கால் கிலோவாகத் திரும்பிவந்தால் யார்மீதும் சந்தேகப்பட வேண்டாம்.

பட்டுக்கும் இதே கணக்குத்தானா?

இல்லை, பட்டுக்குக் கணக்கு தலைகீழ். 9,000 மீட்டர் எத்தனை கிராம் என்பதே டெனியர். எண் கூடினால் நூல் தடிக்கும். 20/22 டெனியர் என்றால் 20க்கும் 22க்கும் இடையில், சுமார் 21 என்று பொருள். அப்படி மூன்று இழை சேர்த்து முறுக்கினால் 63 டெனியர். 9,000ஐ 63ஆல் வகுத்தால் கிராமுக்கு 143 மீட்டர். கிலோவுக்கு 1,43,000 மீட்டர்.

இது பசை போகாத கச்சாப் பட்டுக்கு. பட்டைச் சோப்பும் காரமும் சேர்த்து வேகவைத்துப் பசையை நீக்கும்போது எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்குவரை போய்விடும். நீளம் போகாது. ஆகவே அதே பட்டு, சாயம் தோய்க்கத் தயாரானபோது, கிலோவுக்கு ஏறத்தாழ 1,80,000லிருந்து 1,90,000 மீட்டர்வரை வந்துவிடும். எந்த நிலையில் எடைபோட்டது என்று கேட்காமல் பட்டுக் கணக்கில் இறங்காதீர்கள்.

கதர் நூலுக்கு?

கதரில் ஒரு சிட்டம் 1,000 மீட்டர். கிலோவுக்கு எத்தனை சிட்டமோ அதுவே நம்பர். ஆகவே நம்பரை 1,000ஆல் பெருக்கினாலே போதும். இதை ஆலை நம்பரோடு ஒப்பிட வேண்டுமென்றால் 1.69ஆல் வகுக்க வேண்டும்: கதரில் 33 என்பது ஆலைக் கணக்கில் 19.5. வெளிநாட்டுக் கம்பளி நூலிலும் இதே மெட்ரிக் கணக்குத்தான்.

பின்னல் நூல் உருண்டையில் '4 பிளை' என்று இருக்கிறது. இதில் நீளம் தெரியுமா?

தெரியாது. நான்கு மெல்லிய இழையும் நான்கு தடித்த இழையும் ஒரே பெயரில் விற்கப்படலாம். சீட்டில் "100 கிராம், 220 மீட்டர்" என்பதுபோல ஒரு வரி இருக்கும். அதை மட்டும் நம்புங்கள். 100 கிராமில் 400 மீட்டர் என்றால் மெல்லிய காலுறை நூல். 200லிருந்து 230 என்றால் சாதாரண ஸ்வெட்டர் நூல். 100க்குக் கீழ் என்றால் மிகத் தடித்தது.

செய்முறையில் 500 கிராம் கம்பளி என்றிருக்கிறது. எங்கள் ஊர் வெயிலுக்குப் பருத்தியில் பின்னலாமா? 500 கிராம் போதுமா?

பின்னலாம். ஆனால் 500 கிராம் போதாது. கிராமை மறந்துவிட்டு மீட்டருக்கு மாறுங்கள். செய்முறையில் உள்ள கம்பளி 50 கிராம் உருண்டைக்கு 120 மீட்டர் என்றால், பத்து உருண்டைக்கு 1,200 மீட்டர். நீங்கள் பார்த்திருக்கும் பருத்தி 50 கிராமுக்கு 85 மீட்டர். 1,200ஐ 85ஆல் வகுத்தால் 14.1. ஆகவே 15 உருண்டை, 750 கிராம்.

பருத்தி இழை கம்பளி இழையைவிட அடர்த்தியானது. கம்பளி நூலுக்குள் காற்றும் அதிகம். ஒரே தடிமனில் பருத்தி கனக்கும். அக்ரிலிக் இரண்டையும்விட இலேசு. முக்கால் கிலோ பருத்தி ஸ்வெட்டர் தன் கனத்தாலேயே நாளடைவில் கீழே இழுத்துக்கொள்ளும். நீளத்தை இரண்டு விரற்கடை குறைத்தே பின்னச் சொல்வேன்.

செய்முறையே இல்லை. மனதில் ஒரு ஸ்வெட்டர் இருக்கிறது. எத்தனை வாங்குவது?

ஓர் உருண்டை மட்டும் வாங்கி, 10 செ.மீ.க்கு 10 செ.மீ. மாதிரி பின்னுங்கள். துவைத்து, உலர்த்தி, எடைபோடுங்கள். 5 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்புச் சுற்று 100 செ.மீ., உயரம் 60 செ.மீ. என்றால் உடல்பகுதி 6,000 சதுர செ.மீ. கைகள் ஒவ்வொன்றும் 45 செ.மீ. நீளம், சராசரி 32 செ.மீ. அகலம், இரண்டும் சேர்ந்து 2,880. கழுத்துப் பட்டியோடு 9,000 என்று வைக்கலாம். அதாவது 90 மாதிரித் துண்டுகள், 450 கிராம். பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 495. 100 கிராம் உருண்டையில் ஐந்து.

சமையலறைத் தராசில் 5 கிராமை நம்பி எடைபோட முடியாது. நகைத்தராசு இல்லையென்றால் மாதிரியை 20க்கு 20 ஆகப் பெரிதாகப் பின்னி, எடையை நான்கால் வகுத்துக்கொள்ளுங்கள். சடைப்பின்னல் வேலைப்பாடு உண்டென்றால் மாதிரியிலும் அது இருக்க வேண்டும். வெறும் பின்னலைவிட அது அதிகம் நூல் வாங்கும்.

பாதி உருண்டை மிச்சம் இருக்கிறது. இன்னும் எத்தனை வரிசை வரும்?

இரண்டு வரிசை பின்னுவதற்கு முன்னும் பின்னும் உருண்டையை எடைபோடுங்கள். 3 கிராம் குறைந்திருந்து, 41 கிராம் மிச்சமிருந்தால் இன்னும் 26 வரிசைக்கு வரும். முடிப்பதற்கு இரண்டு வரிசை நூலை ஒதுக்கி 24 என்று கொள்ளுங்கள். முக்கோணச் சால்வையில் வரிசை நீண்டுகொண்டே போகும் என்பதால் இந்தக் கணக்கை அடிக்கடி திரும்பப் போட வேண்டும்.

ஒரு பனியனில் எத்தனை மீட்டர் நூல்?

30ம் நம்பர் நூலில் பின்னிய, 150 கிராம் எடையுள்ள பனியன் என்றால் 7,600 மீட்டர். ஏழரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள நூலைத்தான் உடுத்திக்கொண்டு போகிறோம்.

எவ்வளவு கூடுதலாக வாங்கி வைப்பது?

சாயமிட்ட நூலென்றால் பத்தில் ஒரு பங்கு, தயங்காமல். பின்னல் நூல் சீட்டில் சாயத்தொட்டி எண் இருக்கும். எல்லா உருண்டையிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வெள்ளை நூலென்றால் இருபதில் ஒரு பங்கு போதும். ஊடை குறைந்தால் நாளைக்கு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். பாவு குறைந்தால் பாவு ஓட்டியவருக்குத்தான் தெரியும் அந்த வேதனை.

இந்தக் கணக்கையெல்லாம் ஒவ்வொரு முறையும் போட வேண்டுமா?

முதல் முறை முழுதாகப் போடுங்கள், எழுதி வையுங்கள். அப்பாவின் நீலநிற நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் ஒரு சாண் நூல் ஒட்டியிருக்கும். கீழே நம்பர், அச்சு, இழை எண்ணிக்கை, ஊடை, வாங்கிய எடை. கடைசி வரியில், தறியிலிருந்து இறக்கிய சேலையின் எடையும் மிச்சமான நூலின் எடையும். அந்த 300 இழைப் பாவின் பக்கத்தில் மட்டும் இரண்டு நூல்கள் ஒட்டியிருக்கின்றன, இரண்டு நிறத்தில். பக்கத்தில் "74 சுற்று" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறார்.